புளியில் துலக்கிய காசுகள்

ஜூன் 9, வியாழன்

முதல்வர் அறையிலிருந்து ஒரு தாள் வந்தது. கல்லூரியில் நாணய அறை ஒன்று அமைக்கப் போகிறார்களாம். திருக்கோகர்ணத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் திரு. அருணகிரி தம் சேகரிப்பைக் கொடுக்க முன்வந்திருக்கிறார். அறுபத்து நான்கு காசுகள். ஒவ்வொன்றையும் பார்த்து, சேதம் என்னவென்று குறித்து, ஏற்கலாமா கூடாதா என்று வரலாற்றுத் துறையிலிருந்து நான் பட்டியல் தர வேண்டும். கடைசியில் ஒரு வரி: "தாங்களே பார்க்க வேண்டும் என்று நன்கொடையாளர் கேட்டுக்கொண்டுள்ளார்."

கையெழுத்து இளம்பரிதி. என்னைவிட எட்டு வருடம் இளையவர். அவருடைய ஆய்வேட்டில் ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தவன் நான். இப்போது முதல்வர். இரண்டு வருடமாக அந்த அறைக்குள் நான் கால் வைக்கவில்லை, தாளில்தான் பேச்சு.

ஆனால் அருணகிரியோடு ஒப்பிட்டால் இளம்பரிதி ஒன்றுமே இல்லை. 2003, நாணயச் சங்கக் கண்காட்சி. என் மேசையில் சங்ககாலச் சேரர் வெள்ளிக் காசு ஒன்று வைத்திருந்தேன். அதைப் பற்றி எழுதிய கட்டுரை அச்சாகியும் இருந்தது. அந்த ஆள் லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, நாற்பது பேர் முன்னால், "சார், இது அடிச்ச காசு இல்ல, வார்த்த காசு. பரப்புல காத்துக் குமிழி தெரியுது" என்றார். உலோகத் துண்டின்மேல் முத்திரையை வைத்துச் சம்மட்டியால் அடித்தது என்றால் அசல். உருக்கி அச்சில் ஊற்றியது என்றால் பிற்காலப் போலி. யாரோ சிரித்தார்கள். யார் என்றும் தெரியும். மறுநாளே சங்கத்திலிருந்து விலகினேன்.

செண்பகத்திடம் சொன்னேன். "யாரு, வார்த்த காசுக்காரரா? போவீங்களா?" என்றாள். காலேஜ் வேலை, போகாமல் எப்படி என்றேன். "லென்ஸைத் துடைச்சு வச்சிருக்கறதும் காலேஜ் வேலைதானா?" என்று கேட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினாள். மனைவிமாருக்கு எதையும் பார்க்காமல் இருக்கத் தெரிவதில்லை.

ஜூன் 11, சனி

போனேன். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓட்டு வீடு. கூடத்து நாற்காலியில் அருணகிரி உட்கார்ந்திருந்தார். நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் இடப்பக்கமாகப் பார்த்து "வாங்க சார்" என்றார். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. மூன்று வருடமாக நிழல்தான் தெரிகிறதாம். ஆவணியில் மதுரையில் ஆபரேஷன். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

இது தெரியாமல் நான் வழியெல்லாம் சில வாக்கியங்களைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

முதலில் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியக் கம்பெனிகள் வெளியிட்ட தரங்கம்பாடி, நாகப்பட்டினத்துக் காசுகள், ஒன்பது. பெரும்பாலும் ஈயம். ஈயத்தை மரப்பெட்டியில் வைத்தால் மரத்தின் புளிப்புக் காற்றில் வெள்ளையாகப் பூத்து உதிர்ந்துவிடும். இது பலருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்பதும் கறுப்பாக, அமைதியாக இருந்தன. பாராட்டவில்லை. குறித்துக்கொண்டேன்.

காசின் மதிப்பைப் பார்ப்பவன் முதலில் படிக்க வேண்டியது தேய்மானத்தையும் சேதத்தையும் பிரித்துப் பார்க்க. ஆயிரம் கை மாறித் தேய்ந்தால் அது காசின் ஆயுள். அதற்கு மதிப்பு கொஞ்சம்தான் குறையும். துளை போட்டது, வளையம் பற்றவைத்தது, அரத்தால் சீவியது, உளியால் சோதித்தது எல்லாம் ஒருவர் வேண்டுமென்று செய்தது. அங்கேதான் விலை விழும். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முந்திக்கொண்டார். "மூணாவதுல உளி வெட்டு, கிரீடத்துக்குக் கீழ. சரியா சார்?" சரிதான். "ஏழாவது வளைஞ்சிருக்கும். நான் நிமித்தல. நிமித்துனா ஒடஞ்சிரும்." அதுவும் சரி. கண் இல்லாதவரிடம் என்னால் ஒரு தடவைகூட முந்த முடியவில்லை.

அவர் மனைவி மரகதவல்லி அம்மாள் கருப்பட்டிப் பணியாரம் கொண்டுவந்தார். ஆறு சாப்பிட்டேன். மறுத்தால் தவறாக நினைப்பார்கள்.

ஜூன் 13, திங்கள்

மோட்டார் ரிப்பேர். மெக்கானிக் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. இவர் பெயரையும் குறித்துக்கொள்கிறேன்.

ஜூன் 18, சனி

இன்று மரப்பெட்டி. உள்ளே ஐம்பத்தைந்து காசுகள்: பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய் இருபத்து நான்கு, முப்பத்தொரு அம்மன் காசு. அம்மன் காசு என்பது நம் புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்து பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. ஊரில் பலரிடம் இருக்கும். ஆனால் வயதின் கருஞ்சிவப்புக் குறையாமல் முப்பத்தொன்றை ஒருவர் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது இருபது வருட வேலை. 2003இல் அவற்றை நான் பார்த்திருக்கிறேன். அப்போதே பொறாமைப்பட்டேன், இன்று எழுதுவதில் தவறில்லை.

மூடியைத் திறந்தேன். புதுக் குழாய் மாதிரி மின்னின.

ஒன்றை எடுத்து லென்ஸில் வைத்தேன். பரப்பு முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். அம்மனின் மூக்கு இல்லை. கைகளுக்கு நடுவே இடுக்கில் குங்குமம். ரூபாய்களில் ராணியின் கன்னம் வழுவழுவென்று இருந்தது, காதோரம் விபூதி.

"எப்படி சார் இருக்கு?" என்றார் அருணகிரி.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் வாசல்படியிலிருந்து என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. பார்க்க நேரமாகும் என்று அருணகிரியிடம் சொன்னேன். பிறகு தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன்.

"பாத்தீங்களா தம்பி?" என்று அம்மாள் கிசுகிசுத்தார். "எப்படிக் கறுத்துக் கெடந்துச்சு தெரியுமா. மூணு வருசமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நானே ஒக்காந்து தேய்க்கிறேன். செம்புக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. அவருக்குத் தெரியாது. சொல்லிராதீங்க. கண்ணு தெரிஞ்சதும் மொதல்ல அந்தப் பொட்டியத்தான் தெறப்பாரு. அப்பப் பாக்கட்டும்."

நம் ஊரில் பொருள் தொலைந்தால் அரைக்காசு அம்மனிடம் வேண்டிக்கொள்வார்கள். அது இந்த பிரகதாம்பாள்தான். காசில் இருப்பவளும் இவள்தான். "அவருக்குத் தொலஞ்சது கண்ணு. அதான் அவ முகத்தையே கழுவி, பொட்டு வச்சு வேண்டுறேன்" என்றார்.

பழைய காசைத் தேய்க்கக் கூடாது என்று இந்த வீட்டில் யாரும் அம்மாளுக்குச் சொன்னதே இல்லை. அருணகிரி தம் கண் நன்றாக இருந்தவரை பெட்டியைத் தொடவே விட்டதில்லையாம். அதனால் சொல்லவும் தேவைப்படவில்லை.

ஈயக் காசுகளை ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டேன். "அது ஈயந்தான தம்பி. சாமிக்கு ஆகாது."

ஜூன் 19, ஞாயிறு

நியாயமாகப் பார்த்தால் நான் சந்தோஷப்பட வேண்டும். ஒரு மணி நேரம் பட்டேன்.

பட்டியலில் எழுத வேண்டியது தெளிவு: கடுமையாகத் துலக்கப்பட்டவை, மூலப் பரப்பு அழிந்தது, ஏற்பதற்கில்லை. நாற்பது பேர் முன்னால் ஒருவன் எனக்குச் செய்ததை நான் ஒரே ஒருவருக்கு, அவர் கூடத்திலேயே, மெதுவான குரலில் செய்யலாம். உண்மையும்கூட.

செண்பகம் கேட்டாள், என்ன யோசனை என்று. சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே, "அந்தம்மா மூணு வருசமாத் தேய்ச்சிருக்கு. நீங்க ஒரு வரியில சொல்லிருவீங்க, இல்ல?" என்றாள். பட்டியல் என்பது நடுநிலையான ஆவணம் என்று விளக்கினேன். கீரையில் கவனமாக இருந்தாள்.

மத்தியானம் நல்ல மழை. மாடியில் காயப்போட்ட வத்தலை நான்தான் ஓடி எடுத்தேன்.

ஜூன் 25, சனி

சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன் அவர் மனம் கலங்கினால் சர்க்கரை ஏறும். மருத்துவக் காரணம்.

ஆனால் அவர் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறத்தைக் கேட்கிறார். அம்மாள் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சும்மா இருக்க முடியுமா? "நல்ல கறுப்பு. ஓரத்துல போனாக் கொஞ்சம் செம்மண் நிறம்" என்றேன். அவர் முகம் லேசாக மாறியது. "பச்சை ஏதும்?" என்றார். எழுத்துக்குப் பக்கத்தில் கடுகளவு, பழைய பச்சை, பரவவில்லை என்றேன். அடுத்தது வெந்தய நிறம். அடுத்ததற்குப் பழுத்த நாவல்பழத்தின் நிறம் கொடுத்தேன்.

2003இல் பார்த்தவை எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன என்று இன்றுதான் தெரிந்தது. முப்பத்தொன்றுக்கும் நிறம் சொன்னேன். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தம் ரகசியத்தை நான் எவ்வளவு அழகாகக் காப்பாற்றுகிறேன் என்று அவருக்குப் பெருமை.

தாளில் எதுவும் எழுதவில்லை. பென்சிலால் எண் மட்டும் போட்டேன். ரூபாய்களுக்கு இன்னொரு சனிக்கிழமை தேவைப்படும்.

திரும்பும் வழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தேனாம். பால்காரர் சொன்னார்.

ஜூன் 29, புதன்

மெக்கானிக் வந்தார். அவருடைய மகளுக்குக் காய்ச்சலாம். காபி கொடுத்தோம்.

ஜூலை 2, சனி

அம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் ரூபாய்களில் ஆரம்பித்தேன். முதலாவது, 1840, மேலே பன்னிரண்டு மணி இடத்தில் வளையம் பற்றவைத்த தழும்பு. யாரோ கழுத்தில் போட்டிருந்த காசு. "நீலமும் சாம்பலுமா நெறம் ஏறியிருக்கு" என்றேன்.

"அவ போயிட்டாளா சார்?" என்றார்.

போயாயிற்று என்றேன்.

காசை மூக்கருகே கொண்டுபோனார். "கண்ணுதான் போச்சு. புளி வாசனை தெரியாமப் போகுமா? விரல்ல வச்சாலே தெரியுது, வழவழன்னு. முதல் வெள்ளிக்கெழமையே தெரியும்."

லென்ஸைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கே தடுத்திருக்கலாம். அதுக்குள்ள பத்துக் காசு போயிருச்சு. சொன்னா அவ அந்தப் பத்தையும் நெனச்சு நெனச்சே செத்துருவா. அடுத்த வாரம் இன்னும் பத்து. அப்பறம் எதுக்குச் சொல்லணும்?" கொஞ்ச நேரம் காசை விரலில் உருட்டினார். "அவ தேய்க்கிற சத்தம் கேட்டுக்கிட்டுப் படுத்துருப்பேன். நல்லாத்தான் இருக்கும்."

அப்படியானால் இந்தப் பட்டியல் எதற்கு என்று கேட்டேன்.

"எவ்வளவு போச்சுன்னு எனக்குத் தெரியணும். அவ காதுல விழாம. சங்கத்துக்காரங்களக் கூப்புட்டா பாவம் பாத்துப் பொய் சொல்லுவாங்க. நீங்க எம்மேல கோவமா இருக்கறவரு. கோவத்துல இருக்கறவன் பொய் சொல்ல மாட்டான்னு நெனச்சு உங்களக் கேட்டேன்." சிரித்தார். "நீங்க நாவப்பழம்ங்கிறீங்க."

எனக்கு இந்த வயதில் முகம் சூடாகும் என்று நினைக்கவில்லை. லென்ஸை எடுத்தேன். ஐம்பத்தைந்தையும் உள்ளது உள்ளபடி சொன்னேன். எதில் மூக்கு போயிற்று, எதில் எழுத்து, எதில் கீறல் ஆழம். சந்தையில் அவற்றுக்கு இனி உலோக விலைதான் என்பதையும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். இரண்டு இடத்தில் மட்டும் "அதுவுமா" என்றார்.

முடித்த பிறகு கேட்டேவிட்டேன், 2003 பற்றி.

"தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கணும். அது எந் தப்பு" என்றார். பிறகு, "ஆனா வார்த்த காசுதான் சார்."

பத்தொன்பது வருடம் காத்திருந்தவனுக்கு அரை மன்னிப்பு. மீதியை நான் கேட்கவில்லை. அம்மாள் பையோடு உள்ளே வந்தபோது நான் 'நீலமும் சாம்பலும்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அருணகிரி, "ஓரத்துல கொஞ்சம் தங்க நெறம் இருக்கணுமே" என்று எடுத்துக் கொடுத்தார்.

இன்று பணியாரம் இல்லை. சுண்டல். நன்றாக இருந்தது.

ஜூலை 4, திங்கள்

பட்டியலைக் கொடுத்துவிட்டேன். ஒன்பது ஏற்கத்தக்கவை. ஐம்பத்தைந்து அல்ல. ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை. அவர் கேட்டது அதைத்தான்.

ஜூலை 7, வியாழன்

அலுவலக எழுத்தர், முடிவுக் கடிதம் தயார், நாளை பதிவுத் தபாலில் திருக்கோகர்ணம் போகிறது என்று சொன்னார். திறந்த டிபன் டப்பாவை அப்படியே மூடினேன். அந்த வீட்டில் செய்தித்தாளிலிருந்து மின்கட்டணம் வரை எல்லாவற்றையும் அவருக்குப் படித்துச் சொல்வது மரகதவல்லி அம்மாள்தான்.

கடிதத்தைத் தடுக்க வேண்டுமென்றால் முதல்வரைக் கேட்க வேண்டும். தாளில் எழுதிக் கேட்கிற விஷயமில்லை.

மூன்று மணிக்குப் போனேன். இரண்டு தடவை கதவு வரை போய்த் திரும்பினேன், பியூன் பார்த்தார். இளம்பரிதி எழுந்து நின்றார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், புளி, வெள்ளிக்கிழமை, நாவல்பழம் உட்பட. அவர் குறுக்கே பேசவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்களே கொண்டு போங்க சார். என்ன படிக்கணுமோ படிங்க." பிறகு, "எங்கிட்ட நீங்க ஒண்ணு கேட்டு வந்ததே இல்ல" என்றார்.

டீ வரவழைத்தார். அந்த அறையில் காற்று நன்றாக வருகிறது. பொறாமையாக எழுதவில்லை, தகவலுக்காக.

ஜூலை 9, சனி

அம்மாள் பாயை விரித்து, தம் புடவையைச் சரிசெய்துகொண்டு, கல்யாணப் பத்திரிகை படிக்கக் கேட்பவர்போல எதிரே உட்கார்ந்தார். அருணகிரி நாற்காலியில். நான் உறையைப் பிரித்தேன். உள்ளே என் சொற்களே தட்டச்சாகியிருந்தன: "கடுமையாகத் தேய்த்துத் துலக்கப்பட்டு மூலப் பரப்பை இழந்துவிட்டமையால் ஐம்பத்தைந்து காசுகள் ஏற்பதற்கில்லை." அதைப் பார்த்தபடி வேறொன்றைப் படித்தேன். ஒன்பது காசுகளைக் கல்லூரி மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொள்கிறது. மற்ற ஐம்பத்தைந்தும் இல்லத்து வழிபாட்டில் இருப்பவை என்பதால் அவை இல்லத்திலேயே இருப்பதே முறை எனக் கல்லூரி கருதுகிறது. இப்படிக்கு.

"பாருங்க, கெவருமெண்டு மாதிரி எழுதியிருக்காங்க" என்றார் அம்மாள். கண் கலங்கியிருந்தது. "தம்பி, இன்னொரு தடவ படிங்க."

இரண்டாம் தடவைக்கு நான் தயாராக இல்லை. 'மகிழ்ச்சியுடன்' வரை வந்தது. அப்புறம் 'முறை' முதலில் வந்ததா 'கருதுகிறது' முதலில் வந்ததா என்று தெரியவில்லை. கண்முன் 'மூலப் பரப்பை இழந்து' என்பதுதான் தெரிகிறது. திணறினேன்.

"இல்லத்து வழிபாட்டில் இருப்பவை என்பதால்," என்றார் அருணகிரி, எனக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்தபடி. "சாருக்குக் கண்ணாடி மாத்தணும் போல. அப்பறம் கடைசில ஒரு வரி இருந்துச்சே. மொதத் தடவ அத விட்டுட்டீங்க."

கடைசியில் ஒரு வரியும் இல்லை. இருக்கிறது, எழுத்து சின்னதாக இருக்கிறது என்றேன்.

"உங்களுக்குத் தெரியலைன்னா விடுங்க. நேத்து போன்ல முதல்வர் எனக்குப் படிச்சாரு." சொன்னார். இல்லாத அந்த வரியை முழுதாக, நிறுத்தி, தட்டச்சு மாதிரியே சொன்னார். நான் தாளைப் பார்த்துக்கொண்டே அவர் பின்னால் சொன்னேன்.

அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். "குடுங்க தம்பி. பூசையில வக்கிறேன்."

தாளை உறைக்குள் செருகி என் கையிலேயே வைத்துக்கொண்டேன். அருணகிரிதான் சொன்னார்: "அது ஆபீஸ் காப்பி மரகதம். சார் திருப்பிக் குடுக்கணும். நமக்கு முத்திரை போட்டுத் தனியா வரும்." என் பக்கம் திரும்பினார். "திங்கக்கெழம வந்துரும் இல்ல சார்?"

வந்துவிடும் என்றேன்.

செண்பகத்திடம் சொன்னபோது, "ஒரே வாரத்துல ரெண்டாவது தடவ அந்த ரூமுக்கா? பரவாயில்ல, இந்தத் தடவ ஒக்காந்து பேசுங்க" என்றாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இளம்பரிதியிடம் போய்ப் புதுக் கடிதம் தட்டச்சுச் செய்யச் சொல்ல வேண்டும். பட்டியல் அப்படியே கோப்பில் இருக்கட்டும், கடிதம் வேறு. நான் படித்ததை எப்படியும் திரும்பக் கோத்துவிடுவேன். அருணகிரியின் வரி மட்டும் மாறிவிடக் கூடாது. அம்மாள் அதை மனப்பாடம் செய்திருப்பார். அதனால் மறப்பதற்குள் இங்கே எழுதி வைக்கிறேன்:

"இக்காசுகளை இத்தனை ஆண்டுகள் எவ்விதச் சேதமுமின்றிப் பேணிக் காத்த திருமதி மரகதவல்லி அருணகிரி அவர்களுக்குக் கல்லூரி தன் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது."